ஒன்பது மணி நேரம் ஓடிய பம்ப்

எங்கள் நகராட்சியின் பட்ஜெட் பிரிவு என்பது மூன்று மேசை, இரண்டு கம்ப்யூட்டர், சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி. நடு மேசை அக்காவுடையது. எதிர் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் நான். கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆனால் அந்தக் கட்டிடத்தில் வேறு யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி மேடம். ஒவ்வொரு துறையும் அடுத்த வருடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி அனுப்பும். அதைப் படித்து, இது தேவை, இது வேண்டாம், இதைத் தள்ளிப்போடலாம் என்று பக்கத்தில் எழுதுவது அக்காவின் வேலை. கேட்டதில் பாதிக்கு மேல் வெட்டுப்படும். வரவு அவ்வளவுதான் என்றால் யார் உட்கார்ந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். திட்டு மட்டும் அவருக்கு. பூங்காத் துறைக்காரர் ஒருவர், அக்கா லிஃப்டில் ஏறினால் தான் இறங்கிப் படியில் போவார். "நாலு மாடி கட்டிடத்த மூணா வெட்டிடுவாங்க" என்பார்.

தட்டச்சராகச் சேர்ந்து, மாலை வகுப்பில் கணக்கியல் படித்து, பதினான்கு வருடம் கழித்து அந்த மேசைக்கு வந்தவர் அவர். வெட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பார்ப்பார். நூலகக் கூரையை மாற்றணும் என்று எழுதி வந்தால் ஏணி கேட்டு மேலே ஏறுவார். குப்பை லாரிக்கு டயர் கேட்டால் டிப்போவில் போய்க் குனிந்து, டயரை விரலால் தடவிப் பார்ப்பார். "காகிதத்துல எல்லா டயரும் தேஞ்சுதான் இருக்கும்" என்பார். அவரைத் திட்டியவர்கள்கூட அவரிடம் பொய்க் கணக்கு அனுப்பப் பயந்தார்கள்.

ஒரே ஒரு வருடம் அவர் போகவில்லை. மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட உதவியாளர். ஒரு பெட்டியைத் தூக்கப்போய் அப்படியே விழுந்துவிட்டார். இரண்டு வாரம் அக்கா காலையில் ஆஸ்பத்திரி, பகலில் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாத் துறைகளின் கணக்கும் மேலே போக வேண்டும். மிச்சமிருந்த வடிகால் பிரிவை ஒரே மத்தியானத்தில் முடித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன்.

அதில் ஒரு வரி, பள்ளத்துப் பம்ப் நிலையத்துக்குப் புதிய துணைப் பம்ப். பள்ளம் என்று நாங்கள் சொல்வது ரயில் பாதைக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் குடியிருப்பு. முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். மழைத்தண்ணீர் அங்கிருந்து தானாக வெளியேற வழி கிடையாது. இறைத்து மேலே கால்வாயில் விட வேண்டும். அதற்குப் பெரிய பம்ப் ஒன்று, துணைக்கு ஒன்று. துணைப் பம்ப் மிகவும் பழசு, மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா கணக்கைப் பார்த்தார். போன வருடம் முழுக்கத் துணைப் பம்ப் ஓடியது ஒன்பது மணி நேரம்.

"வருஷத்துக்கு ஒன்பது மணி நேரம் ஓடுற மிஷினுக்குப் பதினெட்டு லட்சமா? தள்ளிப்போடலாம்னு போடு" என்றார்.

போட்டேன். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பையை எடுத்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிறு பிடித்த மழை விடவில்லை. காலை பத்தரைக்கு அக்காவின் மேசை போன் அடித்தது. அவர் முகம் மாறுவதைப் பார்த்து நான் எழுந்து பக்கத்தில் போனேன். ஸ்பீக்கரைப் போட்டார்.

"கத்தரி மேடங்களா?" என்றது ஒரு ஆண் குரல். பின்னால் இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம். "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேரு அப்படித்தான் தெரியும். நான் பள்ளத்துப் பம்ப் ஆப்பரேட்டர். பெரிய பம்ப் பேரிங் போயிடுச்சுங்க. சத்தம் கேக்குதா?"

"கேக்குது. துணைப் பம்ப்?"

"அது எந்திரிக்கவே மாட்டேங்குது. வாடகை பம்ப் ஒண்ணு லாரியில ரெடியா நிக்குது. ஆர்டர் காகிதம் இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்றான். அவசர நிதி உங்ககிட்டன்னு ஸ்டோர்ல சொன்னாங்க. தலைமை எஞ்சினியர் போன எடுக்கல."

"பெரிய பம்ப் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ரெண்டு மணி நேரம்னு சொல்லுவேன். ஆனா என்னைய நம்பாதீங்க, சீக்கிரம் வாங்க."

அவசர நிதிக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். நிதி இயக்குநர் ஒன்று, தலைமைப் பொறியாளர் ஒன்று. அக்கா நின்றபடியே ஆர்டரை எழுதினார். நான் பிரிண்ட் எடுத்தேன். பிரிண்டரில் காகிதம் சிக்கியது. அவர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். அவர் காகிதம் கிழித்து நான் பார்த்தது அன்றுதான்.

இயக்குநருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, பேனாமூடி. எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். அன்று வெளியூர்க்காரர்களுடன் கூட்டத்தில் இருந்தார். அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

"வாடகைக்கு மூணு பேர்கிட்ட விலை கேட்டியாம்மா?" என்றார் இயக்குநர், மூடியைக் கழற்றியபடி.

"இல்ல சார். நேரமில்ல."

"ஒரே ஆள்கிட்ட வாங்கினா தணிக்கையில கேப்பாங்களே." மூடியை மாட்டினார்.

"கேக்கட்டும் சார். என் பேர்ல எழுதிக் குடுத்துடறேன். முந்நூறு வீடு சார்."

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அவர் பேனாவையே பார்த்தார்கள். கடைசியில் போட்டார். மணி பதினொன்று பத்து.

பொறியாளர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய டிரைவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால், "பல்லு பிடுங்கப் போயிருக்கார்" என்றார். பல் ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. ஒரே குடையில் நடந்தோம். குடை காகிதத்துக்கு, நாங்கள் நனைந்தோம்.

பொறியாளர் நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்தபடி கிடந்தார். பாதி முகம் மரத்திருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னதும் கண் விரிந்தது. ஏதோ சொன்னார், "ஆ ஆ ஆ" என்றுதான் கேட்டது. டாக்டர் கோபத்தோடு, "ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?" என்றார்.

"தண்ணி பொறுக்காது டாக்டர்" என்று அக்கா காகிதம் செருகிய அட்டையைப் பொறியாளரின் நெஞ்சின் மேல் வைத்துப் பேனாவைக் கையில் திணித்தார். படுத்தவாக்கில் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

காகிதத்தைக் காட்டி, அதே லாரியில் நாங்களும் ஏறிப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பெரிய பம்ப் பன்னிரண்டு ஐம்பதுக்கே நின்றுபோயிருந்தது. தெருமுனையில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பத்தடி போனால் முழங்கால். பம்ப் நிலையத்துக்குப் போனபோது தொடை. ஆட்கள் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார்கள். எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவரைக் கழற்றிய கதவின் மேல் படுக்கவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். "நனையுது, நனையுது, என் ரேடியோவ எடுங்கடா" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். தையல்காரம்மா ஒருவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தபடி இருந்தார். உள்ளே ஆறு தையல் மெஷின்கள். அடியில் மாட்டியிருந்த மோட்டார்கள் ஆறும் தண்ணீருக்குள்.

ஆப்பரேட்டர் நிலையத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாடகைப் பம்பின் குழாயை இழுத்துப் பூட்டினார். மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். பம்ப் பிடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் கால்வாயில் விழும் சத்தம் கேட்டதும் யாரோ கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. ஒரு படியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

அக்கா துணைப் பம்பின் பக்கம் போய் நின்றார். பாதி மூழ்கிய துருப்பிடித்த உடம்பு.

"இது போன வருஷம் ஒன்பது மணி நேரம்தான் ஓடியிருக்கு, இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவ்வளவுதான் ஓடிச்சு."

"அவ்வளவுதான் தேவப்பட்டுச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தேவ முந்நூறு மணி நேரம். அது எந்திரிச்சது ஒன்பது மணி நேரம். கால் மணி ஓடும், சூடாகும், நின்னுடும். அதத்தான் எழுதிக் குடுத்தேனே?"

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை நான் வருவதற்குள் அலமாரி திறந்திருந்தது. வடிகால் பிரிவு கோப்பு மேசையில். ஆப்பரேட்டரின் கோரிக்கைப் படிவம், அதற்குப் பின்னால் ஸ்டேப்ளர் போட்ட இன்னொரு தாள். ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பென்சிலில் எழுதியிருந்தது: துணைப் பம்ப் கால் மணிக்கு மேல் ஓடாமல் நின்றுவிடுகிறது, அதனால்தான் ஓட்ட நேரம் குறைவு, பெரிய பம்பும் சத்தம் போடுகிறது, மழைக்கு முன் பார்க்கவும்.

"நீ பாத்தியா இத?" என்றார் அக்கா.

"நான்தான் ஸ்டேப்ளர் போட்டேன். படிக்கலக்கா."

"நான் திருப்பவே இல்ல" என்றார்.

நூற்று நாற்பது வீடுகளில் தண்ணீர் புகுந்திருந்தது. ஊர் முழுக்க இதே பேச்சு. மூன்றாம் நாள் பொறியாளரின் அறிக்கை வந்தது. பம்பைச் சரியாகப் பராமரிக்கவில்லை, கோளாறு பற்றி எழுத்தில் எந்தத் தகவலும் தரவில்லை, பணி நேரத்தில் தூங்கியதாகவும் தெரிகிறது என்று ஆப்பரேட்டர் மேல் எல்லாம் போடப்பட்டிருந்தது. அவரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். பொறியாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டிய கோரிக்கைப் பிரதியைக் காணவில்லை. ஆக, அந்தப் பென்சில் தாள் இருந்த ஒரே இடம் எங்கள் அலமாரி.

இயக்குநர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"திங்கக்கிழம நகரமன்றத்துல விசாரண. உன்னைய யாரும் கூப்பிடல. பட்ஜெட் புத்தகத்துல பிரிவு பேருதான் இருக்கு, உன் பேரு எங்கயும் இல்ல."

"சரி சார்."

"துணை இயக்குநர் பதவிக்கு ஒரே பேருதான் அனுப்பியிருக்கேன். உன் பேரு. ரெண்டு மாசத்துல வந்துடும்." மூடி கழன்று மாட்டும் சத்தம். "அப்புறம், உங்க ரூம் அலமாரியில பழைய காகிதம் நெறைய இருக்காமே. இந்த வாரம் ஒழிக்கச் சொல்லியிருக்கேன்."

அக்கா வெளியே வந்து, கோப்பைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பை மூடவில்லை. அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வீட்டில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். மாமா தரையில் பலகை மேல் படுத்து முதுகுக்கான பயிற்சி செய்துகொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டு இருந்தேன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்களா?" என்று கேட்டாராம்.

மாமா படுத்தபடியே, "என் முதுக இதுல இழுக்காத" என்றாராம். "அது ஏற்கெனவே நெறைய தாங்கிட்டு இருக்கு. பண்ணினத மட்டும் சொல்லு."

"பதவி போயிடும்."

"போகட்டும். நீ சொல்லாம வந்தீன்னா வீட்டுக்குள்ள உம்முனு சுத்துவ. நான் எந்திரிச்சு ஓடக்கூட முடியாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம், கூடவே அழுகையும். ஆனால் முடிவு எதுவும் எடுக்கவில்லையாம். திங்கட்கிழமை காலை மன்றத்தின் படியேறும்போதுகூடத் தெரியாது என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை.

மன்றம் நிறைந்திருந்தது. பள்ளத்துக்காரர்கள் பின் வரிசையில், ஆப்பரேட்டர் முன்னால் தனி நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில். பொறியாளர் அறிக்கையை வாசித்தார். பல் ஆறிவிட்டிருந்தது, வார்த்தை தெளிவாக வந்தது. பள்ளத்துக் கவுன்சிலர், கண்ணாடி போட்ட பருமனான அம்மா, ஒரே கேள்வி கேட்டார்.

"இவரு எழுத்துல கேட்டாரா, கேக்கலையா?"

"கேட்டதா எங்ககிட்ட பதிவு இல்ல" என்றார் பொறியாளர்.

ஆப்பரேட்டர் எழுந்தார். "குடுத்தேங்க. ரெண்டு பக்கம். என் கையால எழுதி..."

"பிரதி வச்சிருக்கீங்களா?"

"வீட்டுல இருந்துச்சு. வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."

அவர் வீடும் பள்ளத்தில்தான் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. யாரோ சிரித்தார்கள். கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றினார். தலைவர் அடுத்த பொருளுக்குப் போகக் காகிதத்தைப் புரட்டினார். அக்காவின் மடியில் பை இருந்தது. அவர் விரல்கள் ஜிப்பின் மேல் இருந்தன. தலைவர், "அப்படின்னா இந்த அறிக்கைய ஏத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தார்.

அக்கா எழுந்துவிட்டார்.

"பிரதி என்கிட்ட இருக்கு."

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல் நடந்து போய்த் தாளைக் கவுன்சிலரின் மேசையில் வைத்தார். அந்த அம்மா பென்சில் எழுத்தைச் சத்தமாக வாசித்தார்.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரு. அப்ப வெட்டினது யாரு?"

"நான்தான்."

"இதப் படிச்சுட்டா வெட்டினீங்க?"

"படிக்கல. முதல் பக்கத்துல ஒன்பது மணி நேரம்னு இருந்துச்சு. கொஞ்சம்தான் ஓடுது, அவசரமில்லன்னு நினைச்சேன். ஏன் கொஞ்சம்னு கேக்கல. கேட்டிருந்தா ஒரு போன்ல தெரிஞ்சிருக்கும். பின்னாடி தாள்லயே இருந்துச்சு. திருப்பல."

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் உங்களுக்கு."

"ஆமாம்."

பின் வரிசையில் கூச்சல் கிளம்பியது. தலைவர் மேசையைத் தட்டினார். அக்கா தலையைக் குனியவில்லை, நிமிர்த்தவுமில்லை. நின்ற இடத்தில் அப்படியே நின்றார். மாமாவின் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்பரேட்டர் இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பினார். பொறியாளருக்கு ஒரு கண்டனக் கடிதம். அக்காவுக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு கிடையாது. துணை இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மேசையை மட்டும் பிடுங்கவில்லை. அந்த வேலையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மை. இரண்டு புதிய பம்ப் வாங்க மன்றம் ஒரே வாரத்தில் பணம் ஒதுக்கியது. எட்டு மாதத்துக்கு முன் ஒன்றுக்கு இல்லாத பணம் அது. கோரிக்கைப் படிவத்தில் அக்கா ஒரு கட்டம் கூட்டினார்: எண் குறைவாக இருந்தால் காரணம் எழுதவும். அதோடு விடவில்லை, அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதைத் தன்னிடம் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லி என்னை உட்காரவைத்தார். இயக்குநர் ஆறு மாதம் அவரிடம் தாளில் மட்டும் பேசினார்.

ஆப்பரேட்டர் தன் உத்தரவுக் காகிதத்தை வாங்க எங்கள் அறைக்கு வந்தபோது அக்கா எழுந்து நின்றார்.

"நன்றி சொல்ல வரலீங்க" என்றார் அவர். குரல் அடங்கித்தான் இருந்தது. "நீங்க சொன்னது மன்றத்துல இருந்தவங்களுக்குத் தெரியும். என் தெருவுல இன்னும் நான் தூங்கினவன்தான். என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல கேக்கறாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"அதயும் நான்தான் சொல்லணுமா?"

அவர் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை காலை அக்கா பள்ளத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிந்தது. தையல்காரம்மா வாசலில் மோட்டார்களைப் பிரித்து வெயிலில் காயவைத்திருந்தார். அக்கா அங்கே நின்று, தான் யார், என்ன செய்தோம், ஆப்பரேட்டர் எழுதியது என்ன என்பதைச் சொன்னார். முதலில் ஐந்தாறு பேர். பத்து நிமிடத்தில் தெரு கூடிவிட்டது. ஆப்பரேட்டர் தன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றார். பக்கத்தில் அவர் மகள்.

"அப்ப எங்க மெத்தைக்கு யாரு பொறுப்பு?" என்றார் ஒருவர். "என் மிஷினுக்கு?" என்றார் தையல்காரம்மா. "ஏம்மா, ஒரு பக்கத்தத் திருப்ப முடியலயா?" என்று கதவில் தூக்கிவரப்பட்ட பெரியவர் உள்ளேயிருந்து கத்தினார். அக்கா நோட்டை எடுத்து ஒவ்வொன்றையும் எழுதினார். வாங்கித் தருகிறேன் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றுதான் சொன்னார். அதற்கும் திட்டு விழுந்தது. வெயில் ஏறியது. அவர் கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கவனித்த தையல்காரம்மா உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து டொக்கென்று போட்டார்.

"உக்காருங்க. நாங்க இன்னும் முடிக்கல."

அக்கா உட்கார்ந்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.